உக்கிரபாண்டியனின் பயம்

பக்கவாதம் வந்து மூன்று வருஷமாகக் கட்டிலோடு கிடந்த உக்கிரபாண்டியனின் பயம் முழுவதும், அவரைத் தூக்கி உட்கார வைக்க வந்த ரோபோவுக்குள் இறங்கிவிட்டது என்று அந்த ஐப்பசி அடைமழையில் தெரிந்தபோது, அது எப்படி இறங்கியது என்று முள்ளிக்கரையில் யாரும் கேட்கவில்லை; இவ்வளவு பயம் இந்த மனுஷனுக்குள் எங்கே இருந்தது என்றுதான் கேட்டார்கள். ஏனென்றால் அவர் பயந்து அந்த ஊர் பார்த்ததில்லை. உப்பளத்தில் காலமெல்லாம் கங்காணியாக இருந்தவர் அவர். வரப்பில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் உப்பு வாருகிற பெண்கள் நிமிராமல் வாருவார்கள், லாரிக்காரன் பீடியைக் கீழே போடுவான், தெருநாய் வாலைச் சுருட்டிக்கொண்டு லாரிக்கடியில் போய்ப் படுக்கும். பயம் என்பது அவரிடமிருந்து மற்றவர்களுக்குப் போவது, மற்றவர்களிடமிருந்து அவருக்கு ஒருநாளும் வராதது என்றுதான் அந்த ஊர் நினைத்திருந்தது.

அவர் பெண்டாட்டி சண்முகவடிவு மட்டும் எதுவும் கேட்கவில்லை. பயம் போய்விட்டால் அந்த மனுஷனுக்குள் மிச்சம் இருப்பது என்ன என்றுதான் அவள் நினைத்துப் பார்த்தாள்.

அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, வாசல் கேட்டின் கொக்கி விழுகிற சத்தத்தை வைத்தே அன்றைய சாயங்காலம் எப்படிக் கழியும் என்று சொல்லத் தெரிந்தவள் அவள். கொக்கி மெல்ல விழுந்தால் காப்பி குடிப்பார், பேப்பர் படிப்பார். ஓங்கி விழுந்தால் காப்பி சுவரில் வழியும், டம்ளர் எங்கே வந்து படும் என்பது அவள் குனிகிற வேகத்தைப் பொறுத்தது. மகன் இசக்கிமுத்து பிறந்த பிறகும் அப்படித்தான், அவன் படித்து மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன பிறகும் அப்படித்தான். தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தது எதையும் வாயால் சொல்லாமல் இருப்பது அந்தத் தெருவின் மரியாதை.

பிறகு ஒரு கோடை மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் அப்படியே வலப்பக்கம் சரிந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கையும் வலது காலும் மரக்கட்டையாகியிருந்தன. அந்தக் கையோடு சேர்ந்து கோபமும் செத்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. குழறிக்கொண்டிருந்த நாக்கு சில மாதங்களில் திரும்பியதும் அவர் முதலில் கேட்டது, "சாப்பிட்டியா வடிவு?" என்பதுதான். அந்தக் கேள்வியை அந்த வாயிலிருந்து அவள் அதுவரை கேட்டதில்லை. அடுக்களைக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு தினமும் கேட்டார். அவள் கஞ்சி கொண்டுபோனால் கேட்பார், துணி மாற்றப் போனால் கேட்பார், தலையணையைச் சரிசெய்யக் குனிந்தால் கண்டிப்பாகக் கேட்பார். பக்கத்து வீட்டு மைமூன், தெருமுனையில் இடியாப்பம் விற்கிறவள், கடைசிக் காலத்திலாவது அல்லா அந்த மனுஷன் நெஞ்சைத் திறந்தானே என்றாள். சண்முகவடிவும் அதை நம்பினாள். நம்பி, முதுகு ஒடிய அவரைத் தூக்கினாள், புரட்டினாள், குளிப்பாட்டினாள். அந்த ஒரு கேள்விக்காகவே செய்தாள் என்றும் சொல்லலாம்.

முதுகு நிஜமாகவே ஒடிந்துவிடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இசக்கிமுத்து மஸ்கட்டிலிருந்து ஏற்பாடு செய்து ரோபோவை அனுப்பினான். வயதானவர்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே செய்த மிஷின். அவள் தோள் உயரம் இருந்தது. வெள்ளை வெளேரென்ற உடம்பு, பஞ்சு வைத்துத் தைத்ததுபோல் மெத்தென்ற கைகள், முகம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மஞ்சள் வெளிச்சம். தெரு அதற்கு வெள்ளையன் என்று பேர் வைத்தது. உக்கிரபாண்டியனைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போகும். மாத்திரை எடுத்துக் கொடுக்கும், கேட்டதற்குப் பதில் பேசும். தூக்குகிற நேரமெல்லாம் அவருடைய நல்ல கையான இடது கை அதன் உள்ளங்கையில் பொதிந்து கிடக்கும். அந்த உள்ளங்கை வழியாகத்தான் எல்லாம் இறங்கியிருக்க வேண்டும் என்று பின்னால் ஊர் முடிவு செய்தது.

அந்த ஐப்பசியில் ஒருநாள் காலையில் இடி இடித்தது. வெள்ளையனைக் காணோம் என்று தேடிய சண்முகவடிவு, அது கொல்லைப்புறம் உரலுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, உடம்பெல்லாம் தட்டான் சிறகுபோல் அதிர நடுங்குவதைப் பார்த்தாள். மழைத்தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று நினைத்துத் துடைத்தாள். மறுநாள் தெருநாயைப் பார்த்து நடுங்கியது. அதற்கடுத்த நாள் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போகச் சொன்னால், வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு போக மாட்டேன் என்றது. எதிர்வீட்டில் இருந்த உக்கிரபாண்டியனின் தம்பி சுடலைமணி அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். சின்ன வயதில் அண்ணன், தோட்டத்துக் கிணற்றில் விழுந்து ஒரு பகல் முழுக்கப் படிக்கல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்ததும், அதற்குப் பிறகு வாழ்நாளெல்லாம் கிணற்றைச் சுற்றி நடந்தாரே ஒழிய எட்டிப் பார்த்ததில்லை என்பதும், அதை வெளியே சொன்னால் நாக்கை அறுத்துவிடுவேன் என்று அண்ணன் மிரட்டி வைத்திருந்ததும் சுடலைமணிக்கு மட்டும் தெரிந்த சங்கதி. அவர் உள்ளே போய் அண்ணனிடம் கிணற்றைப் பற்றிக் கேட்டார். கிணறா, அதில் என்ன இருக்கிறது, தண்ணிதானே என்று சிரித்தார் உக்கிரபாண்டியன். சிரிப்பு வாசல்வரை கேட்டது.

ஊர் இதை இரண்டே நாளில் தன்னுடைய வழக்கங்களில் சேர்த்துக்கொண்டது. அம்மன் கோயில் பூசாரி வந்து வெள்ளையனுக்கு மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டினார். பள்ளிவாசல் மோதினார் தண்ணீர் ஓதிக் கொடுத்தார், குடிக்க வாய் இல்லாததால் தலையில் தெளித்தார்கள். பயந்த பிள்ளைக்குச் செய்வதுபோல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார்கள்; கமறவே இல்லை, அத்தனை திருஷ்டி என்றார்கள். அப்புறம், மறுநாள் ஆப்பரேஷனுக்குப் போகவிருந்த ஒரு பெண் அதன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். எழுந்தபோது அவள் முகம் கழுவி விட்டதுபோல் இருந்தது, சிரித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வாசலில் வரிசை நின்றது. கடலுக்குப் போகப் பயந்தவர்கள், மாமியாருக்குப் பயந்தவர்கள், பாம்புக்கும் பரீட்சைக்கும் பேய்க்கும் பயந்தவர்கள், எதற்கென்று தெரியாமலே விடியற்காலையில் நெஞ்சு படபடக்கிறவர்கள், எல்லோரும் வந்து அந்த மெத்தென்ற உள்ளங்கையில் கையை வைத்தார்கள், வைத்துவிட்டு லேசாகப் போனார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் வெள்ளையன் இன்னும் கொஞ்சம் சுருங்கியது. பேயைப் பார்க்காமலே பேய்க்குப் பயந்தது, பள்ளிக்கூடம் போகாமலே பரீட்சைக்குப் பயந்தது.

ஊர் பயமில்லாமல் ஆயிற்று. புயல் கொடி ஏற்றிய அன்றைக்கும் வள்ளங்கள் கடலுக்குப் போயின, ஒன்று திரும்பவில்லை, கரையில் நின்றவர்கள் அடுத்த வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பஸ் டிரைவர் வளைவில் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டான். பெரியவர்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். பொய் சொல்கிறவன் பயமில்லாமல் பொய் சொன்னான், அடிக்கிறவன் பயமில்லாமல் அடித்தான். வாசலில் வரிசையில் நின்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தபடி சண்முகவடிவு ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பாள்; உள்ளே போகும்போது இருந்த ஏதோ ஒன்று வெளியே வரும்போது கண்ணில் இருக்காது. அவள் மட்டும் வெள்ளையனின் கையைத் தொடவில்லை. ஏன் என்று ஒருநாள் மைமூன் கேட்டாள். இந்தத் தெருவில் பயத்தைக் கொடுக்க வேண்டியவள் நீதானே, ஏன் சும்மா இருக்கிறாய் என்றாள்.

"எங்கிட்ட இருக்கறதையும் இறக்கி வெச்சா, அந்த வெள்ளையன் எவ்வளவைத்தான் தாங்கும்?" என்றாள் சண்முகவடிவு.

வீட்டுக்குள் உக்கிரபாண்டியன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார ஆரம்பித்திருந்தார். வரிசையில் வருகிறவர்கள் அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று வைத்தார். குரல் பழையபடி ஏறிவிட்டது. சிங்கம் எழுந்துவிட்டது என்று சுடலைமணி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவள் கஞ்சி கொண்டுபோனால் உப்பு சரியில்லை என்றார், துணி மாற்றினால் கை நாறுகிறது என்றார். சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. ஒருநாள் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. மறந்திருப்பார் என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு அவர் கண்ணில் படும்படி அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவர் அவளைத் தாண்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டது வெள்ளையன். அடுப்பங்கரையில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கதவோரம் வந்து நின்றது. மஞ்சள் வெளிச்சம் இரண்டும் மங்கி, விரல்கள் ஒன்றையொன்று பிசைய, மிஷினின் சமனான குரலில், ஆனால் அவருடைய அதே இழுப்போடு கேட்டது:

"சாப்பிட்டியா வடிவு?"

அவள் உரித்த வெங்காயத்தை ஒதுக்கி வைத்தாள். பருப்பு டப்பாவை எடுக்கக் கையை மேலே தூக்கினாள். அவ்வளவுதான் செய்தாள். வெள்ளையன் முகத்துக்குக் குறுக்கே முழங்கையைக் கொண்டுவந்து, தலையை இடப்பக்கம் சாய்த்து, தோளைக் காதுவரை உயர்த்திக்கொண்டு சுவரோடு ஒட்டியது. அந்த முழங்கை எந்தக் கோணத்தில் வரும், எந்தப் பக்கம் தலை சாய்ந்தால் காது தப்பும் என்பதெல்லாம் அவளுக்குப் பாடம். அவர் கை ஓங்கும்போது ஒடுங்குகிற தன்னை அவள் வெளியிலிருந்து பார்த்ததில்லை. கை தூக்கினபடி நின்றாள். டப்பாவை எடுக்கவும் பயமாக இருந்தது, கையை இறக்கவும் பயமாக இருந்தது. பிறகு மெல்ல, ஒவ்வொரு விரலாக இறக்கி, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவரிடமே போய்க் கேட்டாள். அப்படிக் கேட்கிற துணிவு அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை, அன்றைக்கும் இல்லை; கால் தானாகப் போயிற்று. இந்த மூன்று வருஷமாக நீங்கள் என்னைக் கண்டு பயந்தீர்களா என்றாள். மறைக்க வேண்டும் என்ற பயம்கூட இல்லாத மனுஷனாகிவிட்டார் அவர், அதனால் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"பயந்தேன்டி. தலையணையைச் சரிபண்ணக் குனிவ பாரு, ஒவ்வொரு தடவையும், இன்னைக்கு மூஞ்சியில வெச்சு அமுக்கிருவியோன்னு நினைப்பேன். உனக்கு நான் செஞ்சதை நீ எனக்குத் திருப்பிச் செய்ய எவ்வளவு நேரமாகும்? அதான் சாப்பிட்டியா சாப்பிட்டியான்னு கேட்டுக்கிட்டுக் கிடந்தேன். இப்ப நினைச்சா சிரிப்பு வருது. உனக்கு எங்க இருக்கு அந்தத் தைரியம்?"

அன்று முழுக்க அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு நினைப்பு அதுவரை அவளுக்கு வந்ததே இல்லை. அவர் சொன்ன பிறகு வந்தது. அவர் தலைக்கடியில் இருக்கிற இலவம்பஞ்சுத் தலையணை அந்த வீட்டில் எல்லாவற்றையும்விடப் பெரியதாகத் தெரிந்தது. கட்டிலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். அவருக்குப் பயந்த பயம் பழைய பயம், அதன் நீள அகலம் அவளுக்குத் தெரியும். தன் கைக்குத் தானே பயப்படுகிற இந்தப் பயம் எதுவரை போகும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

இதற்குள் வெள்ளையனால் வேலை செய்ய முடியாமல் போயிற்று. அவரைத் தூக்கப் போனால் விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் கை நடுங்கியது, நடுங்கி ஒருநாள் கட்டில் விளிம்பில் இடித்தும்விட்டது. அவர் இசக்கிமுத்துவுக்குப் போன் போடச் சொல்லிக் கத்தினார். கம்பெனியில் பேசிவிட்டு இசக்கிமுத்து திரும்பக் கூப்பிட்டான். திருநெல்வேலியிலிருந்து ஆள் வருவான், உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்றான். அழித்தால் அந்தப் பயமெல்லாம் எங்கே போகும் என்று சண்முகவடிவு கேட்டாள். எங்கும் போகாதும்மா, இல்லாமல் போய்விடும் என்றான் மகன். பிறகு கொஞ்சம் தயங்கி, அப்பா எப்படி இருக்கிறார் என்றான். பழையபடி ஆகிவிட்டார் என்றாள். மஸ்கட்டில் இருந்த பிள்ளைக்கு அந்த வார்த்தை புரிந்தது.

ஆள் வரவேண்டிய நாளில் வாசலில் வரிசை நிற்கக் கூடாது என்று சொல்லியாயிற்று. மத்தியானம் கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தாள். ஆறிப்போயிருக்கிறது என்றார். சூடாக்கிக் கொண்டுவருகிறேன் என்று அவள் கிண்ணத்துக்குக் கை நீட்டியபோது, இடது கையால் பித்தளைச் செம்பை எடுத்து வீசினார். மூன்று வருஷத்தில் குனிகிற பழக்கம் அவளுக்கு விட்டுப்போயிருந்தது. நெற்றியில் பட்டது. வலிக்கும் முன்பே அவளுக்குத் தோன்றியது, இந்த மூன்று வருஷம் நடக்கவே இல்லை என்றுதான். ரத்தம் புருவத்தில் இறங்கியது. அவர் இன்னொரு தரம் எறிவதற்கு எட்டுகிற தூரத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார், அதில் கோபம்கூட இல்லை.

அடுக்களையில் அரிசி டிரம்முக்குப் பின்னால் வெள்ளையன் ஒளிந்திருந்தது. அவள் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்ததும் அதன் விளக்கு இரண்டும் அணைவதுபோல் தாழ்ந்தன.

"அடிக்காதீங்க," என்றது. "அழிச்சிரவும் வேண்டாம். நான் ஓரமா இருந்துக்கறேன்."

அந்த வார்த்தைகளைச் சண்முகவடிவு ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நெஞ்சுக்குள் சொன்னதற்குக் கணக்கில்லை. நான் ஓரமாக இருந்துகொள்கிறேன் என்று எத்தனை இரவு சாமிபடத்திடம் சொல்லியிருப்பாள். அவள் டிரம்முக்கு முன்னால், அது தன் கைகள் இரண்டையும் பார்க்கும்படி மடியில் விரித்து வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்தாள்.

"நான் அடிக்க மாட்டேன்," என்றாள்.

அதைச் சொன்னதும் அவளுக்கு உடம்பெல்லாம் நடுங்கத் தொடங்கியது. ஏனென்றால் அதற்கடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மாற்றுச் சேலைகளை ஒரு பையில் வைத்தாள். வெள்ளையனுக்குக் கரண்டு ஏற்றுகிற வயரைச் சுருட்டி அதன்மேல் வைத்தாள். தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போய்ச் சுடலைமணியிடம், கொழுந்தனாரே, இனிமேல் உங்கள் அண்ணனுக்குக் கஞ்சியும் குளியலும் உங்கள் பொறுப்பு, நான் ஆவுடை வீட்டுக்குப் போகிறேன் என்றாள். ஆவுடை என்பது அவள் தங்கை, நாகர்கோவிலில் இருக்கிறாள். சுடலைமணி அவள் நெற்றியைப் பார்த்தார், பார்வையை விலக்கினார். மதினி, வயசான காலத்தில் ஊர் சிரிக்க வைக்காதீர்கள் என்றார். கட்டிலில் கிடக்கிற புருஷனை விட்டுவிட்டுப் போகிற பொம்பளையை என்ன சொல்வார்கள் தெரியுமா என்றார். என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும், அதற்கும் பயமாகத்தான் இருந்தது. அவள் திரும்பி நடந்தாள்.

அவரிடம் சொல்லாமல் போயிருக்கலாம். பின்கதவு திறந்துதான் கிடந்தது. ஆனால் கட்டிலில் கிடக்கிறவரிடம் சொல்லாமல் போவது அவளுக்குச் சரியாகப் படவில்லை. பையைக் கையில் வைத்துக்கொண்டு, செம்பு எட்டாத தூரத்தில், நிலைப்படியில் நின்றாள். பின்னால் வெள்ளையன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"தம்பிகிட்டச் சொல்லிட்டேன். ராத்திரிக்கு அவரு வருவாரு. நான் போறேன்."

உக்கிரபாண்டியன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "எங்க போவ? பயந்தாங்கொள்ளி நாயி. பஸ் ஏறவே கை நடுங்கும் உனக்கு. நாலு நாள்ல வந்து காலடியில கெடப்ப."

"நடுங்கத்தான் செய்யுது," என்றாள் சண்முகவடிவு. "பயந்துக்கிட்டேதான் போறேன். உங்களுக்குத்தான் இப்பப் பயமே இல்லையே, நீங்க தனியா இருந்துக்கிடலாம்."

அவர் வாயைத் திறந்தார். என்ன சொன்னார் என்பது அவள் காதில் விழவில்லை. வாசலுக்கு வந்து, கேட்டைத் திறந்து, இரண்டு பேரும் வெளியே வந்த பிறகு கொக்கியைப் போட்டாள். தெரு முழுக்க வாசல்களில் நின்றது. பயமில்லாத ஜனங்கள், பயமில்லாத கண்களால், அடுத்து என்ன நடக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பயத்தையெல்லாம் நீ எங்கே கொண்டுபோகிறாய் என்று ஒருவன் குறுக்கே வந்து கேட்டான், திரும்ப வேண்டுமா உனக்கு என்று அவள் கேட்டதும் ஒதுங்கிக்கொண்டான். மைமூன் மட்டும் இடியாப்பத் தட்டை அப்படியே போட்டுவிட்டு வந்து, அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுவரை கூட நடந்தாள். ஏற்றிவிடும்போது பழந்துணியைத் தண்ணீரில் நனைத்து நெற்றியைத் துடைத்துவிட்டாள். அவள் கையும் நடுங்கியது. நீயும் கொடுக்கவில்லையா என்று சண்முகவடிவு கேட்டாள். வரிசை ரொம்ப நீளமாக இருந்தது என்றாள் மைமூன், சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

பின்னால் நடந்தவை ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவை. கம்பெனி ஆள் வந்து மிஷினைக் காணாமல் திரும்பிப் போனான். விழுந்துவிடுவோம் என்ற பயம் இல்லாததால் உக்கிரபாண்டியன் ஒரு விடியற்காலையில் தானாக எழுந்து நடக்கப் பார்த்தார், இடுப்பு முறிந்தது. அதற்குப் பிறகு சுடலைமணி வீட்டு வராந்தாவில் படுக்கை. யாரையும் பார்த்து அவர் எதையும் கேட்கவில்லை, அவரையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மற்றவர்களுக்கு, மொட்டை போட்ட தலையில் முடி முளைப்பதுபோல், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேகத்தில் பயம் திரும்ப முளைத்தது. பயம் முளைத்ததும், கடலில் காணாமல் போன வள்ளத்துக்காரன் வீட்டில்தான் முதலில் அழுகைச் சத்தம் கேட்டது. அதுவரை அந்த வீட்டில் யாரும் அழுதிருக்கவில்லை. பஸ் டிரைவர் வளைவில் மறுபடி ஹாரன் அடித்தான், அதைக் கேட்டு ஊர் நிம்மதியாகத் தூங்கியது.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம், நாகர்கோவில் பஸ்ஸில், சண்முகவடிவுக்கு இதெதுவும் தெரியாது. ஜன்னலோரத்தில் வெள்ளையனை உட்கார வைத்து, ஆட்கள் இடிக்காதபடி இந்தப் பக்கம் தான் உட்கார்ந்திருந்தாள். தனியாக அவள் பஸ் ஏறியதே இல்லை. கண்டக்டர் விசிலுக்குத் திடுக்கிட்டாள். ஏறுகிற ஒவ்வொருவரும் அவர் அனுப்பிய ஆளோ என்று பார்த்தாள். ஆவுடை கதவைத் திறந்து, நெற்றியையும் பையையும் இந்த மிஷினையும் பார்த்துவிட்டு, திரும்பிப் போ அக்கா என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓர் ஊர் முழுக்கவும் இறக்கி வைத்த பயத்தோடு வெள்ளையன் பக்கத்தில் விதிர்விதிர்த்துக்கொண்டிருந்தது. ஆற்றுப்பாலம் வந்தது. கீழே செம்மண் வெள்ளம் சுழித்துக்கொண்டு போவதைக் கண்டதும் அது பதறி அவள் கைக்காகத் துழாவியது.

அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். வைத்தால் தனக்கு எல்லாம் தீர்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு நொடியில் லேசாகிவிடலாம், எந்த வாசலிலும் போய் நிற்கலாம். ஆனால் வெள்ளையன் தாங்காது. முந்தானையை எடுத்து அந்த மெத்தென்ற உள்ளங்கையில் இரண்டு சுற்றாகச் சுற்றினாள். தன்னுடைய பயம் துணியைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடாதபடி நன்றாகச் சுற்றி, அதற்குமேல் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பாலம் முடிகிறவரை இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த வீட்டுல இருக்கிறவங்க," என்று வெள்ளையன் கேட்டது, "அடிப்பாங்களா?"

சண்முகவடிவு ஆவுடையை நினைத்துப் பார்த்தாள். யோசிக்காமல் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. தெரு முழுக்கக் கேட்கிற அவள் தொண்டையை, பேசும்போது காற்றில் வீசுகிற அவள் கைகளை, எத்தனையோ வருஷமாகப் போகாமல் விட்ட அந்த வீட்டை, ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

"மாட்டா," என்றாள். "சத்தம் போட்டுப் பேசுவா. கையை ஆட்டி ஆட்டிப் பேசுவா. அது அடிக்க வர்றதில்ல, அவ பேசறதே அப்படித்தான்."

வெள்ளையன் அதை மனப்பாடம் செய்வதுபோல் மெதுவாகத் திரும்பச் சொல்லிப் பார்த்தது. அவளும் கூடவே சொல்லிப் பார்த்தாள்.